சாவிக் கொத்து யார் இடுப்பில்?

எங்கள் ஜீயபுரத்தில் 'ரூட்' என்ற வார்த்தைக்கு வெகு காலமாக இரண்டே அர்த்தம்தான். ஒன்று, பஸ் போகிற வழி. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கரூர் ரூட் வண்டியைப் பிடித்து, வலது கைப் பக்கம் காவிரியும் இடது கைப் பக்கம் வாழையுமாக வந்தால், முக்கொம்புக்குப் பக்கத்தில் நாங்கள் இருப்போம். இரண்டாவது, அதே வண்டியில் ஜன்னலோர சீட்டைப் பார்த்துக் காலேஜ் பையன்கள் 'விடுவது'. இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஊர் சௌக்கியமாகத்தான் இருந்தது. மூன்றாவது அர்த்தத்தை என் அக்கா பையன் கொண்டு வந்தான்.

"மாமா, தாத்தா போனை ரூட் பண்ணிப்புடலாமா?"

பையன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். தாத்தா என்று அவன் சொன்னது என் பெரியப்பாவை. எழுபதைத் தாண்டியவர். இரண்டரை ஏக்கர் வாழை; பூவன் பாதி, ஏலரிசி பாதி. ஐந்து வருஷமாக ஒரே போன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் எனக்கு விளம்பரம் தரவில்லை, நானும் தருவதாக இல்லை.

அந்தப் போனை வாங்கும்போதே அதற்குள் பெரியப்பா கேட்காத சாமான்கள் நிறைய இருந்தன. சீட்டுக்கட்டு விளையாட்டு ஒன்று, மிட்டாய் உடைக்கிற விளையாட்டு ஒன்று, கடை ஒன்று, மும்பை நடிகைகளின் விவாகரத்தைக் காலை ஆறு மணிக்கு மணி அடித்துச் சொல்கிற நியூஸ் ஒன்று. எதையும் நீக்க முடியாது. அமுக்கிப் பிடித்தால் 'முடியாது' என்று மரியாதையாகச் சொல்லும். போதாக்குறைக்கு 'இடம் இல்லை, இடம் இல்லை' என்று டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி அலறல். கம்பெனிக்காரர்கள் அப்டேட் அனுப்புவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது.

"ரூட் பண்ணா இந்தக் குப்பையெல்லாம் தூக்கிடலாம் மாமா. போன் பறக்கும்" என்றான் பையன்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த இன்ஜினீயரிங் ஃப்யூஸ் போடுவதோடு சரி. ஆனால் யாராவது 'பறக்கும்' என்றால், எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு, நஷ்டம் யார் தலையில் என்று கேட்கிற புத்தி மட்டும் அந்தப் படிப்பில் ஒட்டிக்கொண்டது. கேட்டேன். படித்தேன். ஒரு மாதம் இதே வேலையாக இருந்ததில், "பரீட்சை எழுதப்போறீங்களா?" என்று வீட்டில் விசாரித்தார்கள்.

அதாகப்பட்டது விஷயம் இதுதான். ஆண்ட்ராய்டு போன் என்பது ஒரு ஒண்டுக்குடித்தன வீடு. ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு ரூம், ஒரு நம்பர், ஒரு பூட்டு. வாட்ஸ்அப் தன் ரூமுக்குள் என்ன சமைக்கிறது என்று பக்கத்து ரூம் சீட்டுக்கட்டுக்குத் தெரியாது. பேங்க் ரூமுக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. வராந்தாவும் கிணற்றடியும்தான் பொது. இந்த எல்லா ரூமுக்கும் மாற்றுச் சாவி வைத்திருக்கிற ஒரே ஆள்தான் 'ரூட்'. யூனிக்ஸ் என்ற பழைய கம்ப்யூட்டர் பரம்பரையிலிருந்து வந்த பேர். அந்த ஆளுக்கு நம்பர் பூஜ்யம். கதவைத் தட்ட வேண்டியதில்லை; சுவரை இடிக்கலாம், கூரையைப் பிரிக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

சரி, போனை வாங்கியது நாம், பணம் கொடுத்தது நாம், அந்த ஹவுஸ் ஓனர் நாம்தானே?

இல்லை சார். அங்கேதான் வேடிக்கை. பத்திரம் நம் பேரில்; சாவிக் கொத்து கம்பெனிக்காரன் இடுப்பில். பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்து வாங்கிய சொந்த வீட்டில் நாமும் ஒரு குடித்தனக்காரர். அந்தச் சாவிக் கொத்தைப் பறித்து நம் இடுப்பில் செருகிக்கொள்வதற்குப் பேர்தான் ரூட் பண்ணுவது. ஐபோன்காரர்கள் இதையே 'ஜெயில் உடைப்பு' என்கிறார்கள். இதில் சட்ட விரோதம் இல்லை என்று அமெரிக்காவில் 2010-ல் விதிவிலக்கு கொடுத்தது எது தெரியுமா? அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகம்! அங்கே காப்புரிமை இலாகா அந்த நூலகத்தின் கீழே இருக்கிறதாம். நம் ஊர் நூலகத்தில் பேப்பரே பத்து மணிக்குத்தான் வரும்.

முதல் ஆண்ட்ராய்டு போன் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஜி-1 என்று பேர். அதில் ஒரு கூத்து. தட்டெழுத்துப் பலகையில் எதைத் தட்டினாலும் அது திரைக்குப் போவதோடு, ரகசியமாக ரூட்டின் காதுக்கும் கட்டளையாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஒருத்தர் தன் தோழியோடு எஸ்.எம்.எஸ்.ஸில் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் போனை அணைத்துப் போட்டிருக்கிறார். "ஏன் பதிலே இல்லை?" என்று அந்தப் பெண் கேட்க, இவர் "ரீபூட்" என்று ஒரே வார்த்தையில் பதில் அடித்தார். போன் உடனே அணைந்து மறுபடி கிளம்பியது! கூகுள் அவசரமாக அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் அடைப்பதற்குள் விஷயம் தெரிந்தவர்கள் அந்த வழியாகவே உள்ளே புகுந்து சாவியை எடுத்துக்கொண்டார்கள். ரூட் பண்ணுகிற சரித்திரம் இப்படி ஒரு சம்சாரப் பேச்சில் ஆரம்பித்தது.

சாவியை எடுத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் நமக்கு ஒரு பங்கு இருக்கிறது. தமிழர்களுக்கு என்றே சொல்கிறேன்.

2010, 2011-ல் ஆண்ட்ராய்டு போன் வாங்கியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2.2, 2.3 என்று பதிப்புகள் ஓடிய காலம். பல போன்களில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழில் எது வந்தாலும் கட்டம் கட்டமாகத் தெரியும். குழந்தை பிறந்த செய்தியா, சாவுச் செய்தியா, கட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, போன் பண்ணி, "இப்ப அனுப்புனீங்களே, சிரிக்கணுமா, அழுவணுமா?" என்று கேட்க வேண்டும். ஓபரா மினியில் ஒரு குறுக்கு வழி இருந்தது. விலாசம் எழுதுகிற இடத்தில் ஒரு மந்திரத்தைத் தட்டி, ஒரு விஷயத்தை 'ஆம்' என்று மாற்றினால், தமிழ் எழுத்து படமாக வந்து நிற்கும். ஆனால் அது அந்த ஒரு ஆப்புக்குள் மட்டும்தான். போன் முழுக்கத் தமிழ் தெரிய வேண்டுமானால் அதன் எழுத்துரு அலமாரியில் ஒரு தமிழ் எழுத்துருவைக் கொண்டு போய் வைக்க வேண்டும். அலமாரிக்குப் பூட்டு. சாவி? அதே இடுப்பில்.

ஆகவே நம் ஆட்கள் பலர் போனை ரூட் பண்ணினார்கள். சினிமா பார்க்க இல்லை, ஓசியில் கேம் ஆட இல்லை. சொந்த பாஷையைப் படிக்க! அப்படியும் சில போன்களில் எழுத்து வந்ததே தவிர, கொம்பு ஒரு பக்கம் போக, எழுத்து ஒரு பக்கம் நிற்க, ஒன்றாங்கிளாஸ் பையன் சிலேட்டு மாதிரி இருக்கும். 2011 கடைசியில் 4-ஆம் பதிப்பு வந்த பிறகுதான் மெள்ள மெள்ளத் தமிழ் போனோடு சேர்ந்தே வர ஆரம்பித்தது. இன்றைக்குப் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து தமிழ் வாட்ஸ்அப்பில் நெல்லிக்காய் வைத்தியம் படிக்கிறார் என்றால், அதற்கு முன்னால் பூட்டை உடைத்துப் பார்த்த ஒரு கூட்டம் இருந்தது. 'ரூட் பண்றவன் எல்லாம் திருட்டுப் பய' என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருவது இதனால்தான்.

இன்னொரு உபயோகம், பழைய போனுக்கு மறுபிறவி. கம்பெனி கைவிட்ட போனில் வேறு ஆட்கள் செய்த ஆண்ட்ராய்டை ஏற்றுவது. இதற்கு ரூட்டே வேண்டுமென்பதில்லை, வாசல் பூட்டைத் திறந்தால் போதும். ஆனால் இரண்டும் ஒரே தெருப் பிள்ளைகள். ஸ்டீவ் கோண்டிக் என்ற அமெரிக்கர் 2009-ல் அந்த ஜி-1 போனுக்காக ஆரம்பித்த சயனோஜன்மாட் உலகம் முழுக்கப் பரவியது. பிற்பாடு அது கம்பெனி ஆகி, 2014 டிசம்பரில் நம் டெல்லி உயர் நீதிமன்றப் படி ஏறிய கதை சுவாரசியம். ஒன்பிளஸ் போன் சயனோஜனோடு இந்தியாவுக்கு வந்து இறங்கிய சூட்டோடு சூடாக, 'இந்தியாவில் சயனோஜன் எங்களுக்கு மட்டும்தான் என்று ஒப்பந்தம் இருக்கிறது' என்று மைக்ரோமேக்ஸ் வழக்குப் போட்டது. தனி நீதிபதி விற்பனைக்குத் தடை போட்டார். அதே மாதத்தில் டிவிஷன் பெஞ்ச் தடையை விலக்கியது. பூட்டை உடைக்கிறவர்கள் செய்த சாமானுக்குப் பூட்டு விற்கிறவர்கள் அடித்துக்கொண்டார்கள்! 2016 கடைசியில் சயனோஜன் கடையை மூடிவிட்டார்கள். அதன் வாரிசாக லீனியேஜ் ஓ.எஸ். என்று ஒன்று இன்றைக்கும் ஓடுகிறது. சம்பளம் வாங்காதவர்கள் ராத்திரி கண் விழித்துச் செய்வது.

இதெல்லாம் வரவு. பற்றுப் பக்கத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் முக்கொம்பு மேலணையைப் பார்க்காமல் போவதில்லை. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியது. அங்கே ஷட்டர் ஏற்றி இறக்குகிற சாவி நீர்வளத் துறை லஸ்கரிடம் இருக்கும். கோடையில் வாழை காய்கிறபோது ஒவ்வொரு விவசாயிக்கும் அந்தச் சாவி தன் கையில் இருக்கக் கூடாதா என்று இருக்கும். பெரியப்பாவே சொல்லியிருக்கிறார்: "ஒரு ராத்திரி என்கிட்ட குடுத்தா போதும்டா." நியாயமான ஆசைதான். சிக்கல் என்னவென்றால், சாவிக்கு ஆள் தெரியாது. பெரியப்பா தூங்கும்போது வேறொருவன் எடுத்துத் திறந்தாலும் திறக்கும். (அரசாங்கத்திடம் இருந்தால் மட்டும் பத்திரமா என்று கேட்பீர்கள். 2018 ஆகஸ்டில் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் 9 வெள்ளத்தோடு போனதை நாங்கள் பார்த்தவர்கள். அதனால் அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை.)

போனிலும் அதே கதை. நீங்கள் சாவி வாங்கி வைத்த பிறகு, ஏதோ ஒரு ஆப் 'எனக்கும் ரூட் அனுமதி வேண்டும்' என்று கேட்கும். அவசரத்தில் 'சரி' என்று அமுக்கி விட்டால் பொது அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அப்புறம் பேங்க் ரூம், போட்டோ ரூம், மெசேஜ் ரூம், எல்லாம் அவனுக்கும் சொந்தம். கெட்டவர்களுக்கு இந்தச் சாவியின் அருமை நம்மைவிட நன்றாகத் தெரியும். 2016-ல் கூலிகன் என்று ஒரு விஷமப் புரோகிராம். அது போனுக்குள் வந்ததும் செய்கிற முதல் காரியம், சொந்தக்காரருக்குத் தெரியாமல் போனைத் தானே ரூட் பண்ணிக்கொள்வது. 10 லட்சத்துக்கு மேல் கூகுள் கணக்குகள் அதில் மாட்டின என்று செக் பாயின்ட் என்ற பாதுகாப்புக் கம்பெனி அறிவித்தது. 'ஒரே க்ளிக்கில் ரூட்' என்று எங்கேயோ கிடைக்கிற ஆப்பை நான் தொட மாட்டேன். முன்பின் தெரியாதவனைக் கூப்பிட்டுப் பூட்டைத் திறக்கச் சொல்லி, திறந்ததும் அவனையே காவலுக்கும் வைப்பானேன்?

அடுத்தது செங்கல். பாதியில் கரன்ட் போனாலோ, வேறு மாடலுக்கான ஃபைலை ஏற்றினாலோ போன் எழுந்திருக்காது. அதற்குச் 'செங்கல் ஆகிவிட்டது' என்று பேர். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "ரூட் பண்ணக் கொண்டு வர்றவங்க கம்மி சார். ரூட் பண்ணிட்டுக் கொண்டு வர்றவங்கதான் ஜாஸ்தி." சாம்சங் போன்களில் நாக்ஸ் என்று ஒரு மின் உருகி வைத்திருக்கிறார்கள். கம்பெனி முத்திரை இல்லாத புரோகிராம் ஒருமுறை ஏறினாலே உருகி எரிந்து, எரிந்தது எரிந்ததுதான். பழையபடி கம்பெனி சாஃப்ட்வேரையே திரும்பப் போட்டாலும் அந்தக் கறை போகாது. பணம் கட்டுகிற அவர்கள் ஆப்பும் ரகசியப் பெட்டியும் அந்தப் போனில் அதற்கப்புறம் வேலை செய்யாது. ஓட்டுப் போட்ட மை கூட ஒரு மாதத்தில் அழியும்.

ஆனால் பெரியப்பா போன் விஷயத்தில் என்னை நிறுத்தியது செங்கலும் இல்லை, உருகியும் இல்லை.

"முதல்ல பூட்லோடரைத் திறக்கணும் மாமா" என்றான் பையன்.

"திறந்தா?"

"போன்ல இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும். புதுசா வாங்கின மாதிரி ஆயிடும்."

பூட்லோடர் என்பது வாசல் காவல்காரன். போன் கண் விழிக்கும்போது, உள்ளே வருகிற புரோகிராமில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து விடுகிறவன். அவனை 'போய்யா' என்று அனுப்பினால், போகும்போது வீட்டிலிருக்கிற அத்தனையையும் கொளுத்திவிட்டுத்தான் போவான். கொடுமையாகத் தெரிந்தாலும் காரணம் நியாயமானது: இல்லாவிட்டால் போனைத் திருடினவன் காவல்காரனை அனுப்பிவிட்டு சாவகாசமாக உள்ளே உட்கார்ந்து படிப்பான். ஷியோமி போன்கள் பலவற்றில் இதைச் செய்வதற்கு முன் 168 மணி நேரம் காத்திருக்கச் சொல்லி வந்தார்கள். ஒரு வாரம். யோசிக்கட்டும் என்று இருக்கலாம்.

பெரியப்பா போனில் என்ன இருக்கிறது என்று பையனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பெரியம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர்களுக்கு எழுத்துக் கூட்டித் தட்டப் பிடிக்காது. மைக் படத்தை அமுக்கிப் பேசி அனுப்பிவிடுவார்கள். பெரியப்பா கொல்லையில் இருக்கும்போது அனுப்பியது. "என்னங்க, வர்றப்ப ரெண்டு வாழைப்பூ." "மோட்டார் போட்டாச்சான்னு தெரியல, இங்க கரன்ட் வந்துருச்சு." "மாத்திரை போட்டீங்களா, இல்ல அதையும் நான் வந்து போடணுமா?" இப்படி நாற்பது சொச்சம். எதுவும் பத்து செகண்டுக்கு மேல் இல்லை. சாயந்திரம் திண்ணையில் போனைக் காதோடு வைத்துக்கொண்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. 'இடம் இல்லை' என்று போன் அலறும்போதெல்லாம் அவர் போட்டோவை அழிப்பார், பேரன் வீடியோவை அழிப்பார், அதைத் தொட மாட்டார்.

இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது கூகுள் டிரைவ்ல பேக்கப் இருக்கும்ல மாமா?" என்றான். பார்த்தோம். அந்த பேக்கப் ஒரு நாளும் எடுக்கப்படவே இல்லை.

இது போக, பேங்க். வாழை வியாபாரி முன்பெல்லாம் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசி ரொக்கம் கொடுப்பார். இப்போது தார் லாரியில் ஏறுவதற்குள் பெரியப்பா போனில் 'டிங்' என்கிறது. 2016-ல் யு.பி.ஐ. வந்ததிலிருந்து மெள்ள மெள்ள இப்படி ஆகிவிட்டது. உரக் கடை, கேஸ் சிலிண்டர், டீக்கடை, எல்லாம் அதில்தான். போன் என்பது இப்போது பர்ஸ். ரூட் பண்ணின போனைக் கண்டால் பேங்க் ஆப்கள் பல, வாசலிலேயே செருப்பைக் கூடக் கழற்ற விடாமல் திருப்பி அனுப்பிவிடுகின்றன. டிஜிட்டல் பணப் பாதுகாப்புக்கு வங்கிகள் என்னென்ன செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் விரிவாக உத்தரவு போட்டிருக்கிறது. வங்கிகள் கைதட்டல் வாங்குவதற்காக இதைச் செய்யவில்லை.

போன் யோக்கியமானதா என்று ஆப்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள கூகுள் ஒரு பரிசோதனை வைத்திருக்கிறது. முன்னால் சேஃப்டிநெட் என்று பேர், இப்போது பிளே இன்டெக்ரிட்டி. இதைப் படித்தபோது எங்கள் ஊர்க் கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. காவிரிக்குப் போன பேரனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட, பாட்டி அழ, ஸ்ரீரங்கத்துப் பெருமாளே பேரன் வேஷத்தில் வந்து பாட்டி கையால் சாப்பிட்டாராம். அப்புறம் நிஜப் பேரனும் வந்து நின்றானாம். பங்குனி உற்சவத்தில் நம்பெருமாள் இன்றைக்கும் ஜீயபுரத்துக்கு எழுந்தருள்வதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். வந்தவரிடம் பாட்டி ஓ.டி.பி. கேட்கவில்லை. கூகுள் கேட்கும்!

அந்தக் கேள்விக்குப் பொய்ப் பதில் சொல்லிப் போனை நல்ல பிள்ளையாகக் காட்டவும் ஆட்கள் இருக்கிறார்கள். 2016-ல் ஜான் வூ என்ற தைவான் இளைஞர் மேஜிஸ்க் என்று ஒன்றை எழுதினார். ரூட்டும் கொடுக்கும், ரூட் இருப்பதை மறைக்கவும் செய்யும். உலகம் பூரா ரூட்காரர்களுக்கு இதுதான் பிள்ளையார் சுழி. 2021-ல் அவரையே கூகுள் தன் ஆண்ட்ராய்டு பாதுகாப்புப் பிரிவில் வேலைக்கு எடுத்துக்கொண்டது! பூட்டு திறப்பதில் கெட்டிக்காரரைத் திண்டுக்கல் பூட்டுக் கம்பெனி கூப்பிட்டு நாற்காலி போட்ட மாதிரி. அதற்கப்புறம் மறைக்கிற வேலையை மேஜிஸ்கிலிருந்து எடுத்துவிட்டார். வேறு பேர்கள் வேறு வழியில் அதைச் செய்கிறார்கள். கூகுள் அடைக்கும், இவர்கள் திறப்பார்கள், மறுபடி அடைக்கும். பையனுக்கு இந்த விளையாட்டு பிடித்திருக்கிறது. அவன் வயதில் பிடிக்கத்தான் செய்யும். பெரியப்பாவின் வாழைப் பணத்தை வைத்து விளையாட முடியாது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சாவியைக் கம்பெனி வைத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு: காவல் காக்கிற வரைக்கும் வைத்துக்கொள். மாதா மாதம் ஓட்டையை அடைத்துக் கொடுக்கிற வரைக்கும் வைத்துக்கொள். 'இனிமேல் இந்த மாடலுக்கு அப்டேட் கிடையாது' என்று கைகழுவின அன்றைக்குச் சாவியைச் சொந்தக்காரர் கையில் மரியாதையாகக் கொடுத்துவிட வேண்டாமா? வீட்டையும் பார்த்துக்கொள்ள மாட்டேன், சாவியையும் தர மாட்டேன், விவாகரத்து நியூஸ் மட்டும் விடியற்காலையில் போடுவேன் என்றால் என்ன நியாயம்? இந்தியாவில் யாராவது இதற்கு ஒரு சட்டம் கொண்டு வந்தால் அவருக்கு என் ஓட்டு, கட்சி பார்க்காமல்.

சரி, பெரியப்பா போனை என்ன செய்தோம்? ரூட் பண்ணவில்லை. முதல் காரியமாகப் பெரியம்மா பேசியதையெல்லாம் கேபிள் போட்டு என் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, ஒரு பென் டிரைவில் ஒரு பிரதி, அக்கா வீட்டில் ஒரு பிரதி. அப்புறம் பையன், ரூட் இல்லாமலே குப்பை அள்ளுகிற ஒரு வழி சொன்னான். செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்று இருக்கும். அதை வேண்டுதல் மாதிரி ஏழு தடவை தட்டினால் ஒரு மறைவான கதவு திறக்கும். அதில் கேபிள் வழிக் கட்டளைக்கு அனுமதி கொடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து ஏ.டி.பி. என்ற கருவி மூலம் வேண்டாத ஆப்களை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு மறைத்துவிடலாம். வேரோடு போகாது, போனை முழுக்க அழித்துப் புதுசாக்கினால் மறுபடி முளைக்கும். காலி ஆகிற இடமும் பிரமாதமாக ஒன்றும் இல்லை. ஆனால் நியூஸ் மணி நின்றது, சீட்டுக்கட்டு போயிற்று, போன் மூச்சு விட்டது. எதை நீக்குகிறோம் என்று பேர் பார்த்து நீக்க வேண்டும். போன் பேசுகிற ஆப்பையே நீக்கிவிட்டு அழுத ஆட்கள் உண்டு. வேலை முடிந்ததும் அந்த மறைவுக் கதவைச் சாத்திவிட வேண்டும்.

அப்டேட் நின்ற போனில் பேங்க் வைத்திருப்பதே ஆபத்துதான் என்றும் பெரியப்பாவிடம் சொன்னேன். "பூவன் தார் விலை ஏறட்டும், வாங்குவோம்" என்றார். அது எப்போது ஏறும் என்று பொடாவூர் வாழை ஆராய்ச்சி மையத்தில் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

பையன் கையும் சும்மா இருக்க வேண்டாமே என்று, மேஜை டிராயரில் கிடந்த என் பழைய போனைக் கொடுத்தேன். மூலையில் கீறல், உள்ளே சிம் கிடையாது, பேங்க் கிடையாது, பெரியம்மா கிடையாது. லீனியேஜ் ஏற்றி, ரூட்டும் பண்ணினான். இப்போது அது எந்நேரமும் சார்ஜரில் செருகியபடி பெரியப்பா வீட்டுத் திண்ணையில் பழைய பாட்டு பாடுகிறது. எந்நேரமும் சார்ஜ் ஏறினால் பேட்டரி உப்பும். ரூட் இருப்பதால் 60 சதவிகிதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி வைத்திருக்கிறான். நடுவில் விளம்பரங்களும் முக்கால்வாசி வராமல் அடைத்துவிட்டான். பெரியப்பாவுக்கு அதில் ஒரே வருத்தம், "ஒரு விளம்பரத்துல அந்தப் புள்ள நல்லா பாடுமேடா, அது எங்க?"

போன வாரம் மூன்று பேருமாக ரயில்வே கேட் பக்கம் டீ குடித்தோம். பையன் தானே கொடுப்பதாகச் சொல்லித் தன் போனை எடுத்தான். அவன் போன் ரூட் பண்ணினது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆப் திறந்தது, ஒரு சிவப்பு எழுத்து காட்டியது, மூடிக்கொண்டது. மறுபடி திறந்தான். மறுபடி சிவப்பு. "நேத்து வரைக்கும் ஓடுச்சு மாமா, ராத்திரி கூகுள்காரன் ஏதோ மாத்தியிருக்கான்" என்றான். நான் பர்ஸ் எடுத்து வரவில்லை; போன் வீட்டில் சார்ஜில்.

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துத் துண்டால் துடைத்து, டீக்கடை ஸ்டிக்கருக்கு நேரே பிடித்தார். அது யோசித்தது. நாங்கள் காத்திருந்தோம். இரண்டாவது டீ கூடக் குடித்திருக்கலாம், அவ்வளவு நேரம். கடைசியில் கடைக்காரர் பெட்டி முப்பத்தாறு ரூபாய் வந்ததாகச் சத்தம் போட்டுச் சொன்னது.

"பறக்குதா பாரு" என்றார் பெரியப்பா பையனிடம்.